கள்ளபிரான் ஊரில் காமிராவுடன்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி வீணை கற்றுக்கொள்ளக் கிளம்பினால் ஊரார் "பேஷ்! பேஷ்!" என்பார்கள். பிரெஞ்சு பாஷை படிக்கிறேன் என்றால்கூடத் தலையை ஆட்டுவார்கள். காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டால் மட்டும், "ஏன் அக்கா, கல்யாண வீடுகளுக்குப் போகப் போகிறீர்களா? மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

நான் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை. என் தாயார் பிறந்த ஊரான ஸ்ரீவைகுண்டத்துக்குத்தான் போனேன். போட்டோப் பிடிக்கும் வித்தையில் எனக்குத் தெரிந்த நாலு விஷயங்களும் அந்த ஊர் கற்றுக்கொடுத்தவை. அவற்றுள் மூன்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நாலாவதை ஓர் ஆச்சியிடம்தான் கற்றுக்கொள்ள முடிந்தது.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019-இல் என் மகன் வெளிநாட்டு உத்தியோகத்துக்குப் புறப்பட்டபோது தன் காமிராவை விட்டுவிட்டுப் போனான். "அம்மா, இதைப் பீரோவுக்குள்ளேயே பூட்டி வைக்காதே. சென்னையின் ஈரக் காற்றுக்கு லென்ஸில் பூசணம் பிடித்துவிடும். அவ்வப்போது எடுத்து உபயோகப்படுத்து" என்றான். ஊறுகாய்க்குப் பூசணம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடிக்கும் பிடிக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஊறுகாய் ஜாடியைக் காப்பாற்றுகிற அதே சிரத்தையுடன் காமிராவையும் காப்பாற்றத் தொடங்கினேன். அது மெல்ல மெல்ல என்னைப் பிடித்துக்கொண்டது.

தோசைக்கல்லும் காமிராவும்

என் தகப்பனாரிடம் அந்த நாளில் ஆக்ஃபா கிளிக் மூன்று என்ற காமிரா இருந்தது. பரோடாவில் தயாரானது. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, யாராவது ஊரிலிருந்து வந்தால் ஒன்று என்று அந்தப் பன்னிரண்டில் ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவார். எங்களை வரிசையாக நிற்க வைத்து, தலை வாரச் சொல்லி, மூக்கைத் துடைக்கச் சொல்லி, கடைசியில் "அசையாதே!" என்று ஓர் அதட்டல் போட்டுவிட்டுத்தான் விசையை அழுத்துவார். படத்தில் நாங்கள் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவர்களைப் போல விழித்துக்கொண்டிருப்போம். ஆனால் ஒரு படமும் வீணானதில்லை.

மகன் கொடுத்த காமிராவில் ஆயிரம் படம் எடுக்கலாம். காசில்லை, கணக்கில்லை. அதுவே எனக்கு வினையாயிற்று. ஆயிரம் எடுத்தேன். ஆயிரமும் குப்பை!

பிறகுதான் காமிராவில் மூன்று திருகுகள் இருப்பதும், மூன்றும் ஒன்றுக்கொன்று ஓரகத்திகள் என்பதும் புரிந்தது. வெளிச்சம் நுழையும் துவாரம் ஒன்று. அந்தத் துவாரம் திறந்திருக்கும் நேரத்தைச் சொல்லும் ஷட்டர் ஒன்று. வெளிச்சத்தைக் காமிரா எவ்வளவு சீக்கிரம் உணரவேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் ஒன்று. சகோதரிகளுக்குச் சுலபமாகச் சொல்வதானால், துவாரம் என்பது அடுப்பின் ஜுவாலை. ஷட்டர் என்பது தோசை கல்லில் கிடக்கும் நேரம். ஐ.எஸ்.ஓ. என்பது கல்லின் கனம். மெல்லிசுக் கல் சட்டென்று காயும், ஆனால் தோசை புள்ளி புள்ளியாகிவிடும். ஜுவாலையைக் கூட்டினால் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஜுவாலை சிறுத்தால் பொறுத்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தினம் செய்கிற காரியந்தானே இது?

துவாரத்தின் எண்ணில் மட்டும் நான் தடுமாறினேன். எண் பெரிதானால் துவாரம் சிறிதாகிறது. இது என்ன தலைகீழ்க் கணக்கு என்று மலைத்தபோது, எனக்குக் கைகொடுத்தது புடவைக் கடை. நூறாம் நம்பர் நூல் அறுபதாம் நம்பர் நூலைவிட மெல்லிசு இல்லையா? அதே கதைதான். நல்ல வெயிலில் துவாரம் பதினாறு, ஐ.எஸ்.ஓ. நூறு, ஷட்டர் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் படம் பழுதில்லாமல் வரும். இது பிலிம் காலத்துச் சூத்திரம், இன்றும் பொய்க்கவில்லை.

தாமிரபரணிக் கரையில்

சூத்திரம் கையில், காமிரா தோளில், 2022-ஆம் வருஷம் சித்திரை மாதம் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினேன். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஆற்றுக்குத் தென்கரையில், புதுக்குடியில் இருக்கிறது. ஊர் வடகரையில். நடுவே தாமிரபரணி. திருநெல்வேலியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வந்து, கடலைச் சேருமுன் ஆறு கடைசியாக ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்வது இங்கேதான். அதன் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம் அணை. வெள்ளைக்காரர் ஆட்சியில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. அவை போகிற வழியெல்லாம் குளம். குளத்தை ஒட்டியெல்லாம் நெல்லும் வாழையும்.

சித்தி வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே நான் ஒரு படம் எடுத்தேன். "ஏட்டி, அந்தப் பெட்டியக் கீழ வையி. முதல்ல காப்பியக் குடி" என்றாள் சித்தி. அந்தப் படத்தில் சித்தியின் கையும் டவராவும் மட்டும் விழுந்திருக்கின்றன.

முதல் பாடம் அணைக்கட்டில் கிடைத்தது. சூரியன் உதிக்கிற நேரம். ஆறு பொன்னாக ஓடுகிறது. துணி துவைக்கும் பெண்கள், குளிக்கும் பிள்ளைகள், மேலே கொக்குகள். கண்கொள்ளாக் காட்சி! ஆனால் காமிராவில் பார்த்தால், ஆகாயம் நன்றாக விழுந்தபோது மனிதர்களெல்லாம் கரிக்கட்டைகள். மனிதர்கள் நன்றாக விழுந்தபோது ஆகாயம் வெளுத்த வேஷ்டி. நம் கண் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே சமயத்தில் சமாளித்துவிடுகிறது. காமிராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டோ, அதைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டோ நின்றால் பாதித் தொல்லை தீர்ந்தது. நிழலில் இருப்பவர் முகத்துக்கு வெளிச்சம் போதவில்லையென்றால், யாரையாவது ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்கச் சொல்லலாம். வேஷ்டியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் பாலாய் வழியும். சித்தியின் பேரன் எனக்கு வேஷ்டி பிடித்தான். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ஐஸ்க்ரீம் கூலி.

இரண்டாவது பாடம் கோபுரம் கற்பித்தது. ஊரின் நடுநாயகமான வைகுண்டநாதர் கோயில் நவதிருப்பதிகளில் முதலாவது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. ராஜகோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தேன். படத்தில் கோபுரம் பின்னால் சாய்ந்துகொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸிசேரில் படுத்த மிராசுதார் மாதிரி இருந்தது! காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் நேர்க்கோடுகள் எல்லாம் உள்நோக்கிச் சாயும். தள்ளி நின்றோ, எதிரே உயரமான இடத்தில் ஏறியோ காமிராவை நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். தெருக்கோடியில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்கு அனுமதி வாங்கி ஏறினேன். அந்த வீட்டு அம்மாள் காயவைத்திருந்த கூழ்வற்றலை மிதிக்காமல் ஒற்றைக் காலில் நின்று எடுத்த படம் நிமிர்ந்து வந்தது.

மூன்றாவது பாடம் கோயிலுக்குள். கருவறைப் பக்கம் காமிராவைக் கொண்டுபோகக் கூடாது. அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்று, சிற்ப மண்டபத்தில் மட்டும் எடுத்தேன். யாளி, யானை, போர்வீரன் என்று கல்லில் ஒரு சேனையே நிற்கிறது. முதலில் காமிராவின் மின்னல் விளக்கைப் போட்டு எடுத்தேன். யாளி, காகிதத்தில் அச்சடித்த யாளியாகத் தட்டையாகிவிட்டது. மின்னலை நிறுத்திவிட்டு, தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வரும் நேரம் வரை காத்திருந்து எடுத்தபோதுதான் அதன் பற்களும் பிடரியும் எழும்பி வந்தன. எம்ப்ராய்டரி வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, துணியைச் சாய்த்துப் பக்க வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? அதே தந்திரம்.

இது சூரியனுக்குரிய தலம் என்பார்கள். சித்திரை 6, ஐப்பசி 6 ஆகிய இரண்டு தினங்களிலும் காலைச் சூரியனின் கதிர் கோபுர வாசல் வழியே நுழைந்து பெருமாள் மீது விழுவதாக ஊரார் சொல்கிறார்கள். வாசலுக்குள் வாசலாக, இருட்டுக்குள் ஒரு துவாரம் வைத்து, வெளிச்சம் எப்போது எங்கே விழவேண்டும் என்று யோசித்த ஊர் இது. நான் மூன்று திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

திருடனும் பாதிப் பங்கும்

இங்கே உற்சவருக்குக் கள்ளபிரான் என்று பெயர். ஏன் என்பதற்கு ஒரு தல புராணக் கதை உண்டு. காலதூஷகன் என்று ஒரு திருடன் இருந்தான். திருடப் போகுமுன் பெருமாளைக் கும்பிட்டுவிட்டுப் போவான். திருடியதில் பாதியைப் பெருமாளுக்கே கொடுத்துவிடுவான். ஒரு தடவை அவனுடைய கூட்டாளிகள் அரண்மனைச் சேவகரிடம் அகப்பட்டுக்கொண்டபோது, காலதூஷகன் பெருமாளைச் சரணடைந்தான். அவனுடைய வேஷத்தில் பெருமாளே அரசன் முன்னால் போய் நின்றாராம். அதனால்தான் கள்ளபிரான்.

கதையைக் கேட்டு, "பாதியைக் கொடுத்துவிட்டால் திருட்டு இல்லாமல் போய்விடுமா?" என்று நான் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது.

ஆற்றுக்குப் போகும் தெருவில் ஓர் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து வாழையிலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். காதில் தொங்கும் துளை, நெற்றியில் திருநீறு, கைநிறையப் பச்சை இலை, மேலே சாய்ந்த வெயில். கேட்கவில்லை, கொள்ளவில்லை, நாலு படம் தட்டினேன். ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா, படம் புடிச்சியளோ?"

"ஆமாம் ஆச்சி."

"வாரவுக எல்லாரும் புடிக்காக. கோயிலுக்கு வாரவுக, வெள்ளைக்காரவுக, காலேஜுப் புள்ளைய. எம்மூஞ்சி எந்தெந்த ஊருல எல்லாம் கெடக்கோ! ஒண்ணாச்சும் எங்கைக்கு வந்திருக்கா?"

அதில் கோபம் இல்லை. இலையை எண்ணுகிற அதே குரல். உள்ளேயிருந்து, வாழைநார் கிழித்துக்கொண்டிருந்த தாத்தா ஏதோ சொல்லிச் சிரித்தார். "நீங்க சும்மா இருங்க" என்று ஆச்சி அவரை அடக்கினாள். நான் அசடு வழிய, "அனுப்பி வைக்கிறேன் ஆச்சி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

அனுப்பினேனா? இல்லை. சென்னைக்குத் திரும்பி, மூன்று நாளில் எடுத்த 412 படங்களைக் கொட்டிப் பார்த்தேன். தேறியவை ஒன்பது. ஆச்சியின் நாலு படங்களுமே தோல்வி. காமிரா ஆச்சியின் முகத்தைக் கவனிக்காமல் எங்கேயோ பின்னால் கவனித்திருந்தது. ஆச்சி பனிமூட்டம் போல மங்கலாக இருந்தாள். மங்கிய படத்தை எப்படி அனுப்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது போக மீதி 403 படங்களையும் "குப்பை" என்று பெயரிட்ட ஓர் உறையில் போட்டு மறந்தேன்.

மூன்று பெரியவர்கள்

அந்தத் தோல்விக்குப் பிறகு, இந்த வித்தையில் நமக்கு முன்னால் நடந்தவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆறுதலாக இருந்தது.

முதலில் நம் திருநெல்வேலியிலேயே 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். காடும் மிருகங்களுமே அவருக்கு உலகம். வர்ணப் பிலிம் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிரா பண்ணிக்கொண்டு, அதற்கு "சூப்பர் பாண்டரோஸா" என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். கடையில் விற்பதில் விலை உயர்ந்தது இல்லையே என்று ஏங்குகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் ஏ. கே. செட்டியார். 1930-களில் ஜப்பானுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய்ப் போட்டோக் கலையை முறையாகப் படித்தவர். உலகமெல்லாம் அலைந்து காந்திஜியைப் பற்றிய படச் சுருள்களைச் சேகரித்து 1940-இல் ஒரு முழுப் படமாக வெளியிட்டவர். பிறர் எடுத்ததைத் தேடிப் பத்திரப்படுத்துவதும் எடுப்பதற்குச் சமமான காரியம் என்று அவர் எனக்கு உணர்த்தினார். அதன் அருமை பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாமவர் ஒரு பெண்மணி. ஹோமாய் வியாரவாலா, 1913-இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோக்காரர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் அவருடைய கணவரின் பெயரில் பிரசுரமாயின! புடவையைக் கட்டிக்கொண்டு, கனமான காமிராவைச் சுமந்துகொண்டு, சுதந்திர இந்தியா பிறந்த நாட்களையெல்லாம் படம் பிடித்தார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தபோது வயது 97. இதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். "உன் படங்களை என் பெயரில் போட்டுவிடாதே, தாயே!" என்றார் அவர்.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை அந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 62 செண்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் கொட்டிவிட்டது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை மீறியது. நான் போய் இறங்கிய அதே செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. அதற்கப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டிலேயே வெள்ளமாக இருந்தும், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குப் பசியாற்றினார்கள். 19-ஆம் தேதிதான் பிரயாணிகள் எல்லோரும் மீண்டார்கள்.

சித்தியோடு பேச நாலு நாள் ஆயிற்று. "உசுரோட இருக்கோம்ட்டி" என்றாள். பிறகு வரிசையாக அரிசி, மெத்தை, மிக்ஸி, மாடு என்று கணக்குச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுச் சற்று மௌனமாக இருந்தாள். "உங்கம்மா கல்யாண போட்டோவும் போச்சு" என்று சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

தை பிறந்ததும் புறப்பட்டேன். இந்தத் தடவை கோபுரத்தை எடுக்க அல்ல.

சித்தி வீட்டு ஆல்பங்கள் சேறு காய்ந்து, அப்பளக் கட்டுப் போல ஒட்டிக் கிடந்தன. சகோதரிகள் யாருக்கும் இந்த அவஸ்தை வரவேண்டாம். வந்தால் உபயோகப்படட்டும் என்று, நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நனைந்த போட்டோக்களை ஒட்டிக்கொண்ட நிலையில் காயவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாக விலகும்போது மெள்ளப் பிரிக்க வேண்டும். பட முகத்தில் விரல் படலாகாது. பழைய வெள்ளைத் துணியில், படம் மேலே இருக்கும்படி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். காய்ந்து ஒட்டியவற்றையும் மறுபடி ஊறவைத்துப் பார்க்கலாம். சில பிழைக்கும், சில பிழைக்காது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாக்குப் பிடிக்கும். வீட்டுப் பிரிண்டரில் மையால் அச்சிட்டவை தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஒரு பிரதி எடுத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

பிரதி எடுப்பதும் சுலபந்தான். ஜன்னலருகே மேஜை, அதன் மேல் படம். காமிரா படத்துக்கு நேர் மேலே, துளியும் சாயாமல். மின்னல் விளக்கு கூடாது. கண்ணாடியில் நம் முகமே தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியை நமக்கு முன்னால் தொங்கவிட்டு, அதிலுள்ள ஓட்டை வழியே எடுத்தால் பிம்பம் மறைந்துவிடும். சித்தியின் பழைய கறுப்புப் பாவாடை அந்தப் புண்ணியத்தைச் செய்தது.

என் தாயாரின் கல்யாணப் படத்தில் ஒரு பக்கம் முழுவதும் கரைந்துவிட்டது. மாலையும், மூக்குத்தியும், பயந்த இரண்டு கண்களும் மட்டும் மிஞ்சின. அவற்றைப் பிரதி எடுத்தேன். சித்தி அதைப் பார்த்து, "கண்ணு இருக்குல்லா, போதும்" என்றாள்.

விஷயம் தெருவில் பரவியது. நாலு நாளில் அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன. பூணூல் கல்யாணம், சடங்கு, பட்டாளத்துப் பையன், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ, பேர் வைக்குமுன்பே போய்விட்ட ஒரு குழந்தை. ஒவ்வொன்றையும் ஜன்னலருகே வைத்து எடுக்கும்போது என் தகப்பனாரின் "அசையாதே!" என்ற அதட்டல் காதில் கேட்டது. ஆயிரம் எடுத்தபோது வராத நிதானம், பிறர் படத்தைப் பிரதி எடுக்கும்போது வந்தது.

ஆச்சியின் பாதி

ஐந்தாம் நாள் காலை, இலைக்கார ஆச்சி வந்தாள். கையில் ஒரு பிரேம். கண்ணாடி இருந்தது. உள்ளே படம் இல்லை, வண்டல்தான் இருந்தது.

"அவுக ஆடி மாசமே போயிட்டாக தாயி. இதுல இருந்தாக. வெள்ளத்துல இதுவும் போச்சு. ஆதார் அட்டையில இருக்குன்னு பேரன் பெரிசு பண்ணிக் குடுத்தான். அது அவுக மாதிரியே இல்ல. யாரோ கடன்காரன் மாதிரி இருக்கு. இந்த மண்ணுல இருந்து ஏதாச்சும் எடுக்க முடியுமா?"

மண்ணிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. வாழைநார்! "நீங்க சும்மா இருங்க!" காமிரா ஆச்சியை விட்டுவிட்டுப் பின்னால் எதையோ கவனித்ததே, அது எதை?

ஆச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நம்பிக்கை கொடுத்து ஏமாற்றக் கூடாது அல்லவா? அன்றிரவு சென்னைக்குப் போன் செய்தேன். "குப்பை" உறையில் 403 படங்கள். அழிக்கவேண்டும் அழிக்கவேண்டும் என்று சோம்பலில் அழிக்காமல் விட்டவை. "கல்யாண வீடுகளுக்கு எப்போது போகப் போகிறாய்?" என்று கேலி செய்த அதே மனிதர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நள்ளிரவுக்கு மேல் போன் வந்தது.

"ஒரு கிழவி மங்கலாக இருக்கிறாள். பின்னால் ஒரு கிழவர் பல் தெரியச் சிரிக்கிறார். அவர் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக விழுந்திருக்கிறார். இதைத்தானா நீ குப்பை என்றாய்?"

மறுநாள் திருநெல்வேலிக்குப் போய், தாத்தாவின் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பிரதி போட்டு, ஆச்சியின் பிரேமைத் துடைத்து அதிலேயே மாட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் ஆச்சி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வெள்ளம் நின்ற கோடு ஆள் உயரத்துக்கு அப்படியே இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து ஆச்சி இலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிரேமை வாங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் கண்ணாடியை ஒருமுறை துடைத்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் ஏசினா இப்படித்தான் சிரிப்பாக" என்றாள். பிறகு, "இத எப்ப எடுத்திய?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாலே, ஆச்சி. நீங்க கேட்டீங்களே, ஒண்ணாச்சும் கைக்கு வந்திருக்கான்னு. அன்னைக்கு எடுத்தது. அனுப்பறேன்னு சொல்லிட்டு நான்தான் அனுப்பலே."

சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றைக்கே அனுப்பியிருந்தால் தாத்தாவும் பார்த்திருப்பார். ஆச்சிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. "வந்து சேந்துட்டுல்லா" என்றாள். காசு எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்றதற்கு, ஒரு கட்டு தலைவாழையிலையை என் மடியில் வைத்துவிட்டாள். மறுக்க என்னால் முடியவில்லை.

இதுதான் நாலாவது பாடம். காமிராவைத் தூக்கும் எல்லோரும் கொஞ்சம் திருடர்கள்தான். பிறர் முகத்தை, பிறர் வெயிலை, பிறர் திண்ணையை எடுத்துக்கொண்டு போகிறோம். ஸ்ரீவைகுண்டத்துத் திருடனுக்கு ஒரு நியாயம் இருந்தது. அவன் பாதியைக் கொடுத்தான். இப்போது நானும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். யாரை எடுத்தாலும் முதலில் அனுமதி. பிறகு பெயர், விலாசம். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் தபாலில் ஒரு பிரதி. மங்கியிருந்தாலும் அனுப்பிவிடுகிறேன். எது குப்பை, எது பொக்கிஷம் என்று தீர்மானிக்க நான் யார்?

நான் விடைபெறும்போது ஆச்சி கூப்பிட்டாள். கொண்டையைச் சரிசெய்துகொண்டு, பிரேமை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இப்ப என்னையும் அவுகளையும் சேத்து ஒண்ணு புடிங்க. எங்க கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கல, பாத்துக்கிடுங்க."

சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. துவாரம், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. மூன்றையும் சரிபார்த்தேன். காமிரா எதைக் கவனிக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். ஒரே ஒரு படந்தான் எடுத்தேன்.

அந்தப் படத்தை இந்தக் கட்டுரையோடு அனுப்பவில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும். அது ஆச்சியின் பாதி.